எஞ்சின் மாத்தின பழைய மஸில் கார் வாங்கியாச்சா, ரோட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

கார் வந்தாச்சு, சாவி கையில இருக்கு, ஆனா விக்கறவர் "எஞ்சின் ஒரிஜினல் இல்ல, மாத்தினது, சூப்பரா ஓடும்"னு சொல்லிக் குடுத்த கார்னா நேரா ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. எஞ்சின் மாத்தினதையே ஒரு குறைன்னு நான் சொல்ல வரல. 1964-ல போன்டியாக் ஜிடிஓ வந்ததுல இருந்து 70கள் ஆரம்பம் வரைக்கும் பெரிய வி8 எஞ்சின் போட்டு வந்த இந்த அமெரிக்க கார்களை வாங்கினவங்க அதைப் பொத்திப் பொத்தி ஓட்டல, சிக்னலுக்கு சிக்னல் ரேஸ் விட்டாங்க, எஞ்சின் போச்சுன்னா ஜங்க்யார்டுல கிடைச்சதைப் போட்டு மறுபடி ஓட்டினாங்க, அதனால எஞ்சின் நம்பரும் கார் நம்பரும் மேட்ச் ஆகாத கார் நிறைய உண்டு, ஓட்டறதுக்குன்னு வாங்கறவங்க அதை விலை கம்மியா வாங்கறதுதான் என்னைக் கேட்டா புத்திசாலித்தனம். பிரச்சனை வர்ற இடம் எஞ்சினுக்கும் காருக்கும் நடுவுல. இந்த கார்க்குன்னு செய்யாத எஞ்சினை யாரோ ஒருத்தர் என்னைக்கோ உள்ள இறக்கி, மவுண்ட், ஒயர், ரேடியேட்டர், கேபிள், ஃபிளைவீல் எல்லாத்தையும் ஏதோ ஒரு விதத்துல ஒட்ட வச்சிருக்காரு. எஞ்சின் உள்ள நல்லாவே இருக்கலாம், ஆனா அந்த ஒட்டு போட்ட இடங்கள்லதான் தீப்பிடிக்கறது, பிரேக் பிடிக்காம போறது, கியர்பாக்ஸ் கருகறது எல்லாம் ஆரம்பிக்கும்.

உள்ள இருக்கறது எந்த எஞ்சின்

இதைத் தெரிஞ்சுக்காம ஒரு பிளக் கூட வாங்காதீங்க. விக்கறவர் "350"ன்னு (கியூபிக் இன்ச்ல எஞ்சின் அளவு) சொல்வாரு, அது போதாது, ஏன்னா செவ்ரலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் நாலு பேருமே 350 போட்டாங்க, நாலும் வேற வேற எஞ்சின், ஒண்ணோட கேஸ்கெட் இன்னொண்ணுக்கு சேராது. ஃபோர்டு 351-லயும் அதே கதை, விண்ட்சர் ஒண்ணு, கிளீவ்லாண்ட் ஒண்ணு. வால்வ் கவர்ல எத்தனை போல்ட்டுன்னு எண்ணினா தெரிஞ்சிடும், ஆறு இருந்தா விண்ட்சர், எட்டு இருந்தா கிளீவ்லாண்ட்.

ஸ்மால் பிளாக் செவின்னா (செவ்ரலேவோட சின்ன பிளாக் வி8) ரெண்டு மூணு இடத்துல நம்பர் இருக்கு. பிளாக்கோட பின்பக்கம், டிரைவர் சைடுல (அமெரிக்க கார்ல அது இடது பக்கம்), கியர்பாக்ஸ் வந்து சேர்ற விளிம்பு மேல வார்ப்பு நம்பர் தடிமனா எழும்பி நிக்கும். பேசஞ்சர் பக்கம் முன்னாடி, சிலிண்டர் ஹெட்டுக்கு சற்று முன்னால ஒரு சின்ன தட்டையான இடம் இருக்கும், அங்க குத்தின நம்பர் இருக்கும், ஆல்டர்னேட்டர் மறைக்கும், டார்ச்சும் ஒரு சின்ன கண்ணாடியும் வச்சு பாருங்க, கிரீஸ் அழுக்கை துணியால துடைங்க, எமரி ஷீட் போட்டுத் தேய்க்காதீங்க, அது தேய்ஞ்சா போனது போனதுதான். வார்ப்புத் தேதியும் பின்பக்க விளிம்புல இருக்கும், மாசத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, அப்புறம் நாள், அப்புறம் வருஷத்தோட கடைசி இலக்கம் மட்டும். இந்த கடைசி இலக்கம்தான் ஏமாத்தும். 3970010-ன்னு ஒரு வார்ப்பு நம்பர் ரொம்ப பிரபலம், 1969-ல ஆரம்பிச்சு 70கள் பூரா வந்தது, அதுல 9-ன்னு பாத்தா 69-ஆவும் இருக்கலாம் 79-ஆவும் இருக்கலாம், "69 எஞ்சின்"ன்னு சொல்லி வித்திருந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி குத்தின நம்பரையும் சேத்து வச்சுப் பாருங்க. குத்தின நம்பர் ஆங்கிலத்துல சி, இ-ன்னு ரெண்டு எழுத்தோட ஆரம்பிச்சா அது அந்தக் காலத்துலயே வாரண்டில செவ்ரலே மாத்திக் குடுத்த பிளாக், அது ஒரு கௌரவமான மாற்று எஞ்சின், அதைப் பத்தின பேப்பர் எதாவது இருந்தா பத்திரமா வைங்க.

அடுத்தது கார் பொறக்கும்போது என்னவா பொறந்ததுன்னு பாக்கணும், இது எஞ்சினை விட முக்கியம். ஃபோர்டு மஸ்டாங்னா விஐஎன் நம்பர்ல (காரோட அடையாள நம்பர்) அஞ்சாவது எழுத்து எஞ்சின் கோடு, 1965 மஸ்டாங்ல அது டி-ன்னா 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர், சி, ஏ, கே எல்லாம் 289. ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு வீல்ல நாலு நட்டு, வி8-க்கு அஞ்சு. விஐஎன்ல டி இருக்கு, பானெட்டுக்குள்ள 302 இருக்கு, வீல்ல நாலு நட்டுதான் இருக்குன்னா யாரோ எஞ்சினை மட்டும் மாத்திட்டு பிரேக், ஆக்ஸில், ஸ்பிரிங் எதையும் தொடலன்னு அர்த்தம், அந்த கார் பாதி வேலையில நிக்குது. செவ்ரலேல 1971 வரைக்கும் விஐஎன் பாத்தா ஆறா எட்டான்னு மட்டும்தான் தெரியும், எந்த வி8-ன்னு சொல்லாது, 72-ல இருந்துதான் எஞ்சினுக்குன்னு ஒரு எழுத்து வந்தது.

கலிஃபோர்னியால இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1975 மாடல் வரைக்கும் ஸ்மாக் டெஸ்ட் (புகை சோதனை) கிடையாது. 1976 மாடல்ல இருந்துன்னா மாத்தின எஞ்சின் கார் வருஷத்தோடதாவோ அதுக்குப் பிந்தினதாவோ இருக்கணும், அந்த எஞ்சினோட புகைக் கட்டுப்பாட்டு சாமான் எல்லாமும் கூடவே இருக்கணும். 77 போன்டியாக் டிரான்ஸ் ஆம் வாங்கினவங்க இதைப் பாக்காம விட்டா ரிஜிஸ்ட்ரேஷன்ல மாட்டிக்குவாங்க.

விக்கறவர்கிட்ட இன்னும் பேச்சு வார்த்தை இருந்தா இப்பவே கேளுங்க, பணம் கைமாறி மாசக்கணக்கானா போன் எடுக்க மாட்டாரு. கேம் கார்டு (கேம்ஷாஃப்ட் அளவு எழுதின அட்டை), மெஷின் ஷாப் பில், பிஸ்டன் எவ்வளவு ஓவர்சைஸ், ஹெட் எது, பின்னாடி கியர் ரேஷியோ என்ன, இதுல எது கிடைச்சாலும் லாபம். "முழுசா ரீபில்ட் பண்ணது"ன்னு சொல்லி ஒரு பில் கூட இல்லன்னா ரீபில்ட் பண்ணலன்னே வச்சுக்கிட்டு மத்ததைப் பாருங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

டிப்ஸ்டிக்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எஞ்சின் மாத்தின கார்ல டிப்ஸ்டிக்கே பொய் சொல்லும். டியூப் ஒரு எஞ்சினோடது, குச்சி இன்னொண்ணோடது, ஆயில் பான் மூணாவது ஒண்ணோடதுன்னு இருக்கும், ஃபுல்னு காட்டும் ஆனா ஒரு குவார்ட் கம்மியா இருக்கும். எப்படியும் பழைய ஆயிலை இறக்கப் போறீங்க, இறக்கிட்டு புது ஃபில்டர் போட்டு சரியான அளவு அளந்து ஊத்துங்க, சாதாரண பான் இருக்கற ஸ்மால் பிளாக் செவிக்கு ஃபில்டரோட சேத்து 5 குவார்ட், அப்புறம் எஞ்சினை ஒரு தடவை ஓட்டி ஃபில்டர் நிரம்பினதும் நிறுத்தி, ஆயில் கீழ இறங்கற வரைக்கும் காத்திருந்து, குச்சியில எங்க நிக்குதோ அங்க ஒரு கோடு கீறிடுங்க. இனி அதுதான் உங்க ஃபுல்.

இறக்கின ஆயிலை அப்படியே கொட்டிடாதீங்க. பெட்ரோல் வாசனை வந்தா மெக்கானிக்கல் பியூல் பம்போட டயாஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் நேரா எஞ்சினுக்குள்ள போயிட்டிருக்கலாம், இல்ல கார்புரேட்டர் ஊத்திட்டிருக்கலாம். பால் கலந்த நிறத்துல இருந்தா தண்ணி. பழைய ஃபில்டரை வெட்டி உள்ள இருக்கற பேப்பர் மடிப்பை விரிச்சு வெளிச்சத்துல பாருங்க, காந்தத்துல ஒட்டற தூள்னா இரும்பு, அது கேம்ல இருந்தோ லிஃப்டர்ல இருந்தோ வந்திருக்கலாம், ஒட்டாம மினுக்கற தூள்னா பேரிங்கோட உலோகம். துளித்துளியா கொஞ்சம் இருந்தா பயப்பட வேண்டாம், விரல்ல எடுத்துத் தேய்க்கற அளவுக்கு இருந்தா ஸ்டார்ட் பண்ற யோசனையை விட்டுட்டு பானைக் கழட்டற யோசனைக்கு வாங்க.

எந்த ஆயில்ங்கறதுக்கு நெட்ல சண்டையே நடக்கும், என் கணக்கு சிம்பிள். அந்தக் கால எஞ்சின்ல கேம்ஷாஃப்ட் மேல லிஃப்டரோட தட்டையான அடிப்பாகம் உரசிக்கிட்டேதான் ஓடும், அதுக்கு ஜிங்க் சேர்மானம் இருக்கற ஆயில் வேணும், இப்ப வர்ற சாதாரண கார் ஆயில்ல அது குறைச்சல், ஏன்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கும். ஃபோர்டு 5.0 எஞ்சின்ல (302-ஓட பின்னாள் பேர்) 1985-லயும் செவி ஸ்மால் பிளாக்ல 1987-லயும் ரோலர் லிஃப்டர் வர ஆரம்பிச்சது, உங்க மாற்று எஞ்சின் அந்த வயசுன்னா கவலை கம்மி. பேப்பர் எதுவும் இல்லன்னா தட்டை லிஃப்டர்னே நினைச்சுக்கிட்டு பழைய எஞ்சின்களுக்குன்னு ஜிங்க் அதிகமா போட்டு விக்கற ஆயிலையே ஊத்துங்க, ரோலர் இருந்தாலும் அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல.

பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. புளிச்ச வாசனை, வார்னிஷ் வாசனை வந்தா முழுசா இறக்கிடுங்க. ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சாலோ கையில பிசுபிசுன்னு ஒட்டினாலோ மாத்திடுங்க, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ள இருந்து தின்னும். எஞ்சின் மாத்தும்போது பியூல் லைன் வழி மாறியிருக்கும், எக்ஸாஸ்ட் ஹெடருக்குப் பக்கத்துல போகுதா, ஃபேன் பெல்ட்டுல உரசுதா, கார்புரேட்டர் பக்கத்துல கண்ணாடி ஃபில்டர் தொங்குதான்னு பாருங்க. அந்தக் கண்ணாடி ஃபில்டரை மட்டும் பாத்த நிமிஷமே கழட்டிப் போட்டுட்டு உலோகத்துல இருக்கறதை மாட்டுங்க, சூட்டுல விரிசல் விட்டா சூடான மேனிஃபோல்ட் மேலதான் சொட்டும். யாராவது எலக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தா பிரஷர் அளந்து பாருங்க, கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ போதும், 7-க்கு மேல போனா ஊசி வால்வைத் தள்ளிக்கிட்டு ஊத்தும். எஞ்சின் நின்னா பம்பும் தானா நிக்குதான்னு பாக்கணும், நிக்கலன்னா ஆக்சிடென்ட் ஆகி ஹோஸ் அறுந்தாலும் அது பாட்டுக்கு பெட்ரோலை இறைச்சுக்கிட்டே இருக்கும்.

இப்ப பிளக் எட்டையும் கழட்டுங்க, எது எந்த சிலிண்டரோடதுன்னு வரிசையா வைங்க. முதல்ல கிராங்க் போல்ட்ல நீளமான கைப்பிடி போட்டு கையாலயே ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க, எங்கயாவது இறுகி நின்னா செல்ஃப் அடிக்காதீங்க. நல்லா சுத்தினா கம்ப்ரஷன் டெஸ்ட், த்ராட்டில் முழுசா திறந்து வச்சு, காயில் ஒயரைக் கழட்டிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை சுத்து. எண் எவ்வளவுங்கறதை விட எட்டும் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்துல இருக்காங்கறதுதான் முக்கியம், ஏன்னா கேம் பெருசா இருந்தா எண் கம்மியாதான் காட்டும். அதிகமா காட்டற சிலிண்டர்ல முக்கால் பங்குக்கும் கீழ ஏதாவது ஒண்ணு போனா அங்க சிக்கல் இருக்கு. அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் கம்மின்னா நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

ஒயரிங்

இங்கதான் அதிகமா நேரம் செலவு பண்ணணும், ஏன்னா எஞ்சின் மாத்தறவங்க மெக்கானிக்கல் வேலையை ஒழுங்கா பண்ணிட்டு ஒயரிங்ல டேப் சுத்தி விட்டுடுவாங்க. செவில நிறைய பேர் பண்ற ஒண்ணு, பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிட்டு 1975-க்குப் பின்னாடி வந்த ஹெச்இஐ டிஸ்ட்ரிபியூட்டரை (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) போடறது. நல்ல மாற்றம்தான், ஆனா அதுக்கு முழு 12 வோல்ட் வேணும். பழைய கார்ல காயிலுக்குப் போற ஒயரே ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர், பாயிண்ட் கருகக் கூடாதுன்னு வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கறது, அதையே ஹெச்இஐ-க்கு சொருகி விட்டா ஐட்லிங்ல ஓடும், வேகமா போகும்போது மிஸ் அடிக்கும், ஆளுங்க கார்புரேட்டரைக் கழட்டி மாட்டிக்கிட்டே இருப்பாங்க. எஞ்சின் ஓடும்போது அந்த ஒயர்ல மீட்டர் வச்சுப் பாருங்க, பேட்டரில இருக்கற வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வரணும், 8, 9-ன்னு வந்தா ரெசிஸ்டன்ஸ் ஒயர் இன்னும் இருக்கு.

எர்த் ஒயரை எஞ்சின் மாத்தறவங்க மறந்துடறது சர்வ சாதாரணம். பேட்டரில இருந்து பிளாக்குக்கு தடி ஒயர் ஒண்ணு, எஞ்சின்ல இருந்து பாடிக்கு ஒண்ணு இருக்கணும். ரெண்டாவது இல்லன்னா கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா, ஸ்பீடோ கேபிள் வழியா திரும்பிப் போகும், கேபிள் சூடாகி உள்ளயே ஒட்டிக்கும், ஆக்சிலரேட்டர் கேபிள் ஒட்டினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். மோபார் கார்னா (கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத்) ஃபயர்வால்ல இருக்கற பெரிய கனெக்டரைக் கழட்டி உருகின தடம் இருக்கான்னு பாருங்க, அந்த கார்கள்ல சார்ஜ் கரண்ட் முழுக்க ஆம்மீட்டருக்குப் போயிட்டு வரும், பெரிய ஆல்டர்னேட்டர் போட்டிருந்தா அந்த இடம் தாங்காது. ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் மாதிரி உருகிக் காப்பாத்தற ஒயர்) இருக்க வேண்டிய இடத்துல சாதாரண ஒயர் இருந்தா அன்னைக்கே மாத்துங்க.

ஃபயரிங் ஆர்டரையும் (சிலிண்டர் எரியற வரிசை) இப்பவே சரி பாத்துடுங்க. செவி ஸ்மால் பிளாக், மோபார் ஸ்மால் பிளாக் ரெண்டுக்கும் 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டுல கவனம் வேணும், பழைய 289, 302-க்கு 1-5-4-2-6-3-7-8, ஆனா 351 விண்ட்சருக்கும் 80கள்ல வந்த 5.0 ஹெச்ஓ-க்கும் 1-3-7-2-6-5-4-8. 67 மஸ்டாங்ல 88-ம் வருஷ 5.0 உக்காந்திருந்தா பழைய மேனுவலைப் பாத்து ஒயர் மாட்டினா கார்புரேட்டர் வழியா வெடிக்கும். சிலிண்டர் நம்பரும் மாறும், செவில டிரைவர் பக்கம் 1, 3, 5, 7, ஃபோர்டுல பேசஞ்சர் பக்கம் 1, 2, 3, 4.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் கைக்கெட்டற தூரத்துல வைங்க, ஒரு ஆள் உள்ள, ஒரு ஆள் வெளிய. டேஷ்போர்டு மீட்டரை நம்பாதீங்க, சென்சார் ஒரு காலத்தோடது மீட்டர் ஒரு காலத்தோடதுன்னா அது காட்டறது அர்த்தமில்லாத எண், தனியா ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. நல்லா சூடானதுக்கு அப்புறம் 1000 ஆர்பிஎம்-க்கு 10 பிஎஸ்ஐ வீதம் இருந்தா ஓட்டலாம்னு பழைய கணக்கு ஒண்ணு உண்டு, இன்னைக்கும் அது சரிதான். குளிரா இருக்கும்போது 60 காட்டி சூடானதும் ஐட்லிங்ல 5-க்கு இறங்கினா பேரிங் தேய்மானம்.

டைமிங் பாக்கும்போது வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸைக் கழட்டி அடைச்சுடுங்க. அதுக்கும் முன்னாடி டைமிங் மார்க் சரியான்னு பாக்கணும், ஏன்னா செவி 1969-ல மார்க் இருக்கற இடத்தையே மாத்திடுச்சு, டிகிரி காட்டற பழைய தகடும், கிராங்க் முன்னாடி இருக்கற புது பேலன்சரும் சேந்து இருந்தா நீங்க பாக்கற டிகிரி பல டிகிரி தப்பு. பேலன்சரோட வெளி வளையம் ரப்பர்ல வழுக்கியும் இருக்கலாம். முதல் சிலிண்டர் பிளக் துளையில பிஸ்டன் ஸ்டாப் போட்டு, கையால ரெண்டு பக்கமும் சுத்தி, நின்ன ரெண்டு இடத்துக்கு நடு மையம்தான் உண்மையான டாப்னு புடிச்சு புது கோடு போடுங்க, கால் மணி நேர வேலை. பழைய ஹெட் இருக்கற ஸ்மால் பிளாக் செவிக்கு மொத்த அட்வான்ஸ் 34-ல இருந்து 36 டிகிரி வரைக்கும் வழக்கமா ஒத்து வரும், அதுக்கு மேல பேராசைப் பட வேண்டாம்.

அப்புறம் அதிர்வு. நியூட்ரல்ல நிறுத்தி வச்சு மெதுவா ரெய்ஸ் பண்ணுங்க, ஆர்பிஎம் ஏற ஏற கார் முழுக்க நடுங்கினா ஃபிளைவீலும் பேலன்சரும் இந்த எஞ்சினோடது இல்லன்னு சந்தேகப்படுங்க. மாத்தின எஞ்சின்ல ரொம்ப பேருக்கு தெரியாம போற விஷயம் இது. பழைய செவி 350 உள்ளயே பேலன்ஸ் ஆனது, 400 ஸ்மால் பிளாக்கும் 454-ம் வெளிய எடை வச்சு பேலன்ஸ் பண்ணது, 1986-ல இருந்து வந்த 350-ல ஃபிளைவீல்ல மட்டும் எடை இருக்கும். ஃபோர்டு 302-க்கு வெளி எடை முன்னெல்லாம் 28 அவுன்ஸ்-இன்ச், 80கள் ஆரம்பத்துல இருந்து 50 அவுன்ஸ்-இன்ச். பழைய செவிக்குள்ளயும், ஃபோர்டு 302-க்குள்ளயும் ஒண்ணோட ஃபிளைவீல் இன்னொண்ணுல மாட்டிக்கும், போல்ட் துளை கூட சேந்துடும், அதனாலதான் தப்பு நடக்குது. அப்படியே ஓட்டினா மெயின் பேரிங் போகும், மோசமா போனா கிராங்கே உடையும். நின்ன இடத்துல ஒண்ணும் இல்லாம ஓடும்போது மட்டும் குறிப்பிட்ட ஸ்பீடுல நடுக்கம் வந்தா அது டிரைவ்ஷாஃப்ட், யூ ஜாயிண்ட், டயர் பக்கம், எஞ்சினைத் திட்டாதீங்க.

மவுண்ட், த்ராட்டில், கியர்

எஞ்சின் மவுண்ட் கிழிஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு பெரிய உதாரணமே இருக்கு, 1971 டிசம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் செவ்ரலே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது இதுக்காகத்தான். ரப்பர் பிரிஞ்சா ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் தூக்கும், தூக்கும்போது த்ராட்டிலை அதுவே இழுத்துத் திறக்கும். கம்பெனி குடுத்த தீர்வு எஞ்சினை ஒரு கேபிள் போட்டுக் கட்டினது. உங்க கார்ல பாக்கறதுக்கு, ஒருத்தர் பிரேக்கை நல்லா மிதிச்சு கியர் போட்டு லேசா ஆக்சிலரேட்டர் குடுக்கட்டும், இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு பாக்கட்டும், கார் முன்னாடி மட்டும் நிக்காதீங்க. ஒரு இன்ச்சுக்கு மேல தூக்கினா மவுண்ட் போச்சு. யாராவது வெல்டிங் பண்ணி சொந்தமா பிராக்கெட் செஞ்சிருந்தா வெல்டைத் துடைச்சுட்டு விரிசல் தேடுங்க.

த்ராட்டிலுக்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் ரெண்டு இருக்கணும், ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு மூடும். எஞ்சினை நிறுத்திட்டு பெடலை அடி வரைக்கும் மிதிச்சு விடுங்க, டக்குன்னு திரும்பணும். ஏர் கிளீனருக்கும் பானெட்டுக்கும் இடைவெளி இருக்கான்னு பாக்க ஏர் கிளீனர் மேல ஒரு களிமண் உருண்டை வச்சு பானெட்டை மூடித் திறந்தா போதும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்னா கார்புரேட்டர்ல இருந்து போற கிக்டவுன் இணைப்பைக் கட்டாயம் பாருங்க. டர்போ 350-ல அது இல்லன்னா கிக்டவுன் வராது அவ்வளவுதான். ஆனா பின்னால வந்த 700ஆர்4 போட்டிருந்தா அதோட டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் உள்ள பிரஷரையே தீர்மானிக்குது, அதை அட்ஜஸ்ட் பண்ணாம ஓட்டினா கிளட்ச் பிளேட்டுங்க சீக்கிரத்துல கருகிடும். மோபார் 727-க்கும் அந்த லிங்கேஜ் முக்கியம். அது கழண்டு தொங்குதுன்னா கார் அடுத்த தெருவுக்குக் கூட போகக் கூடாது.

சூடு

ஆறு சிலிண்டருக்கான ரேடியேட்டருக்குப் பின்னாடி வி8 உக்காந்திருக்கான்னு முதல்ல பாருங்க. ஃபேனைச் சுத்தி கூடு இருக்கா, ஃபேன் அந்தக் கூட்டுக்குள்ள பாதி அளவாவது நுழைஞ்சிருக்கா, எஞ்சின் மாத்தினப்ப நீளம் மாறி ஃபேன் தள்ளி நிக்குதான்னு பாருங்க. நின்ன இடத்துல சூடாகி ரோட்டுல போனா இறங்குதுன்னா காத்து பத்தல, ஃபேனும் கூடும்தான் காரணம். ஊருக்குள்ள நல்லா இருந்து ஹைவேல ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, இல்ல கீழ் ஹோஸ் உறிஞ்சிக்கிட்டு சப்பையாகுது. தண்ணி காரணமே இல்லாம குறைஞ்சா ரேடியேட்டர் வாய்ல வச்சு பாக்கற கெமிக்கல் டெஸ்டர் ஒண்ணு கிடைக்கும், நீலத் திரவம் மஞ்சளா மாறினா ஹெட் கேஸ்கெட் வழியா புகை தண்ணில கலக்குது.

அடியில

ஜாக்கில மட்டும் தூக்கி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு போட்டு காரை ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் போங்க.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பாருங்க, அமெரிக்க கார்கள்ல பெரும்பாலும் 1966 வரைக்கும் ஒரே அறைதான், ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு வீலுக்கும் பிரேக் போச்சு. ரெட்டை அறை 67-ல பரவலா வந்தது. 66 வரைக்கும் உள்ள கார்ல பெரிய எஞ்சினைப் போட்டுட்டு ஒத்தை அறையிலயே விட்டிருந்தா, குதிரைத்திறன் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அதை மாத்துங்க, இதுல பேரம் கிடையாது. பவர் பிரேக் இருந்தா வேக்யூம் கேஜ் போட்டுப் பாருங்க, சாதாரண கேம்னா ஐட்லிங்ல 17-ல இருந்து 21 இன்ச் வரைக்கும் நிலையா நிக்கும், பெரிய ரேஸ் கேம் போட்டிருந்தா 10, 12-தான் வரும், கேக்க கம்பீரமா இருக்கும் ஆனா பூஸ்டருக்கு அது பத்தாது, பெடல் கல்லு மாதிரி ஆயிடும். ஹெடர் குழாய் பிரேக் லைனுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் எவ்வளவு கிட்ட போகுதுன்னும் பாருங்க, சூடானதும் செல்ஃப் சுத்த மறுக்கறதுக்கு பல நேரம் அந்த ஹெடர்தான் காரணம்.

ஸ்மால் பிளாக் இருந்த இடத்துல பிக் பிளாக் வந்திருந்தா முன்னாடி எடை 100 பவுண்டுக்கு மேல கூடியிருக்கும், ஸ்பிரிங் மாத்தலன்னா மூக்கு தொங்கும், பள்ளத்துல ஆயில் பான் தட்டும். பின் ஆக்ஸிலும் அதே மாதிரி, செவ்ரலே ஷெவெல் கார்ல 10 போல்ட் கவரா 12 போல்ட் கவரான்னு எண்ணிப் பாருங்க, பெரிய எஞ்சினுக்கு 12 போல்ட்தான் நிம்மதி. ரேஷியோ தெரியலன்னா சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு பின் வீலை மட்டும் தூக்கி, மத்த வீலுக்கெல்லாம் கட்டை வச்சு, நியூட்ரல்ல அந்த வீலை ரெண்டு முழு சுத்து சுத்துங்க, டிரைவ்ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதுதான் ரேஷியோ, மூணேமுக்கால் கிட்டன்னா 3.73-ன்னு வச்சுக்கலாம்.

டயர்ல பூ எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்து ஏமாறாதீங்க, பக்கவாட்டுல டிஓடி கோடோட கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும், மூணு இலக்கம்தான் இருந்தா அது 2000-க்கு முந்தின டயர், அதுல ஓட்டாதீங்க.

ரோட்டுல

முதல் ஓட்டம் வீட்டைச் சுத்தி மட்டும், நடந்தே திரும்பி வரக்கூடிய தூரம். மெதுவான வேகத்துல பிரேக்கைப் பல தடவை அடிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் இழுக்குதான்னு தெரியும். திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து மூக்கை வச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத கசிவு மூக்குக்குத் தெரியும். அடியில ஒரு அட்டையை விரிச்சு வச்சு ராத்திரி முழுக்க விட்டா காலையில எந்த இடத்துல என்ன நிறத்துல சொட்டியிருக்குன்னு பாத்துடலாம், சிவப்புன்னா கியர்பாக்ஸ் இல்ல பவர் ஸ்டியரிங், பச்சைன்னா கூலன்ட். பின்பக்க மெயின் சீல்ல இருந்து லேசா வேர்க்கறதுக்கெல்லாம் எஞ்சினை இறக்க வேண்டாம், இந்த வயசு கார்ல அது சகஜம், வால்வ் கவர்ல இருந்து வழிஞ்சு அங்க வந்து சொட்டறதை மெயின் சீல்னு நினைச்சு செலவு பண்றவங்கதான் அதிகம்.

அப்புறம் 20 மைல், அப்புறம் ஹைவே. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆறின எஞ்சின்ல ஹெடர் போல்ட், இன்டேக் போல்ட், மவுண்ட் போல்ட்டை ஒரு சுத்து தொட்டுப் பாருங்க, ஹெடர் போல்ட் லூஸ் ஆகியிருக்கும், அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. சாலிட் லிஃப்டர் கேம்னா வால்வ் கேப்பையும் அளந்து எழுதி வைங்க, அடுத்த தடவை ஒரு வால்வு மட்டும் கேப் ரொம்ப கூடியிருந்தா அந்த கேம் லோப் தேய ஆரம்பிச்சாச்சு. 500 மைல் ஆனதும் ஆயிலை இறக்கி, ஃபில்டரை மறுபடி வெட்டி, முதல் தடவை பாத்ததோட ஒப்பிட்டுப் பாருங்க. தூள் குறைஞ்சிருந்தா ஓட்டுங்க. கூடியிருந்தா காரை நிறுத்திட்டு ஆயில் பானைக் கழட்டி ஒரு மெயின் பேரிங், ஒரு ராட் பேரிங் மட்டும் திறந்து பாருங்க, அடியில செம்பு நிறம் எட்டிப் பாக்குதுன்னா கிராங்க் கெடறதுக்கு முன்னாடி புடிச்சுட்டீங்க, பேரிங் செட்டோட செலவு முடியும்.